மடைத் தகராறில் சபாநாயகர்

"எறங்கிடலாம்னு இருக்கேன், அம்மா."

செருப்பைக் கழற்றும் முன்பே தில்லைநாதன் இதைச் சொல்லிவிட்டார். வயது அறுபத்தெட்டு. ஒன்பது வருடமாக நாடாளுமன்றத்தின் சபாநாயகர். மலையடிவாரத்துக் குடிலில் இருந்த நீலம்மை அவருக்குப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

"எதுலேருந்து?"

"நாற்காலியிலேருந்து. எங்க சபையில யாரும் யாரையும் நேரா திட்டக் கூடாது. என்னைப் பாத்துதான் பேசணும். 'சபாநாயகர் அவர்களே, இவர் ஒரு திருடர்.' 'சபாநாயகர் அவர்களே, அவர் அதைவிடப் பெரிய திருடர்.' ஒன்பது வருஷ வசவு. எல்லாம் என் மூஞ்சியிலதான்."

நீலம்மை சிரித்தார். தில்லைநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் நிஜமாகவே ஓய்ந்து போயிருந்தார்.

"அதுதான் பழகிப்போச்சே. இன்னைக்கு என்ன புதுசா?"

"நாளைக்கு அணை மசோதா வருது. என் தொகுதியில பதினோரு ஊர் தண்ணிக்குள்ள போயிடும். நாற்காலியில இருக்கறவன் விவாதத்துல வாய் திறக்கக் கூடாது. ராஜினாமா பண்ணிட்டு, கீழே எறங்கி, ஒருநாள் பேசிட்டேன்னா போதும்."

"பேசினா ஊர் பொழைக்குமா?"

"தெரியல. பேசாம இருந்தா அந்த ஊருக்குள்ள எந்த முகத்தோட போவேன்?"

நீலம்மை பதில் சொல்வதற்குள் வாசலில் சத்தம். மண்வெட்டியும் கையுமாக இரண்டு விவசாயிகள் உள்ளே வந்தார்கள். மாசாணம், கொம்பையா. வாய்க்கால் தண்ணீர்த் தகராறு என்றால் அந்தப் பக்கத்துக்கு நீலம்மைதான் கோர்ட்டு.

நீலம்மை எழுந்தார்.

"அடுப்புல கஞ்சி இருக்கு" என்று உள்ளே போய்விட்டார்.

அவர் உட்கார்ந்திருந்த மணைப் பலகை காலியாகக் கிடந்தது. அதுவரை அதைப் பார்த்து நின்ற இரண்டு பேரும் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கெட்ட வார்த்தை ஒன்று விழுந்தது. அடுத்து ஒரு மண்வெட்டி மேலே போனது.

தில்லைநாதன் யோசிக்கவே இல்லை. போய் அந்தப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாண்புமிகு உறுப்பினர்கள் அமருங்கள்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

மாசாணம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அட, நம்ம ஐயா. மூணு தேர்தலா ஒங்களுக்குத்தான் ஓட்டு. அணையில முங்கப் போற பதினோரு ஊருல எங்க ஊரும் ஒண்ணு. நேத்து என் முறையில இந்தக் கொம்பையா மடையை அடைச்சுட்டான். நாத்து காஞ்சு கெடக்கு. நீங்களே சொல்லுங்க."

மாசாணத்தின் காலில் ஈர மண்ணே இல்லை; கொம்பையாவின் காலில் முழங்கால்வரை சேறு. நியாயம் யார் பக்கம் என்று தில்லைநாதனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்ல நாக்கு துடித்தது.

கொம்பையா எழுந்து மண்வெட்டியை எடுத்தான்.

"ஒங்க ஆளு, ஒங்க ஊரு. அப்ப நான் எதுக்கு இங்க? வயல்ல பாத்துக்கிடுதேன்."

தில்லைநாதன் உள்ளே பார்த்தார். நீலம்மை திரும்பாமல் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

மாசாணத்தின் முகத்திலிருந்து கண்ணை எடுப்பது பெரிய வேதனையாக இருந்தது. எடுத்தார்.

"உக்காருங்க, கொம்பையா. நீங்க இன்னும் பேசலையே."