யாருடைய கரி

ஒரு வாடகைக் காரின் பானட்டுக்குள் ஒரு கூட்டுக்குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. எஞ்சின்தான் வீட்டுக்குப் பெரியவர். டீசலைப் பீய்ச்சித் தருகிற இன்ஜெக்டர்கள் நான்கு பேர், காற்றை அமுக்கி ஊதுகிற டர்போ, அந்தக் காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோகிற காற்றுக்குழாய் என்று எல்லோரும் வெள்ளையும் சொள்ளையுமாக இருந்தார்கள். ஒருவனைத் தவிர. அவன் ஈ.ஜி.ஆர். வால்வு.

எஞ்சின் கக்குகிற புகையில் கொஞ்சத்தைப் பிடித்து எஞ்சினுக்கே திரும்ப ஊட்டுவது அவன் வேலை. அப்படி ஊட்டினால்தான் உள்ளே சூடு மட்டுப்படும், வெளியே போகிற புகையிலும் நஞ்சு குறையும். அந்த வேலையை வீட்டில் வேறு யாரும் தொட மாட்டார்கள். தொடுகிறவனுக்கு மட்டும் கரியன் என்று பேர் வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில் கரியா, என்மேல் பட்டுவிடப் போகிறது" என்று காற்றுக்குழாய் தினமும் சொல்லும். வேலை கெடக் கூடாதே என்று வால்வு பொறுத்துக்கொள்வான். அந்தப் பொறுமைக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள்.

ஒருநாள் பாலத்து ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கியது. பின்னால் கறுப்பாகப் புகை கக்கியது. டிரைவர் ஏசுவடியான் அதை அப்படியே மெக்கானிக் பால்துரையின் பட்டறைக்கு ஓட்டிப் போனார்.

"அண்ணாச்சி, ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்கு. மஞ்ச லைட்டு வேற எரியுது."

"இருங்க, ஸ்கேனரப் போட்டுப் பாப்போம்."

ஸ்கேனர் வந்தது. கையில் அடங்குகிற பெட்டிதான், ஆனால் தோரணை தாசில்தாருடையது. "யார்மேல் புகார்?" என்று கேட்டதும் வீடே கரியனைக் கைகாட்டியது.

"திரும்பி வரவேண்டிய புகை சரியாக வருவதில்லை. உண்மையா, இல்லையா?"

"உண்மைதான்" என்றான் வால்வு. "தொண்டையில் கரி அடைத்து வாயை முழுதாக மூட முடியவில்லை, வேண்டாத நேரத்திலும் புகை போகிறது. ஏன் அடைத்தது என்றும் கேளுங்கள். மூன்றாவது இன்ஜெக்டருக்கு மூக்கு ஒழுகுகிறது. எரியாத டீசல் கரியோடு கரியாக வந்து என்மேல் அப்புகிறது."

"யாரைப் பார்த்து என்ன பேசுகிறான் பாருங்கள்" என்று மூன்றாவது இன்ஜெக்டர் துள்ளினார். மற்ற மூன்று பேரும் அவருக்குப் பரிந்துகொண்டு வந்தார்கள்.

"ஏன் என்று கேட்பது என் வேலையில்லை" என்றது ஸ்கேனர். திரையில் வால்வின் பேரை எழுதிவிட்டு அணைந்துகொண்டது.

பால்துரை வால்வைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். கரி களிமாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. "மோந்து பாருங்கள்" என்று வால்வு கதறினான். "ஒழுங்காக எரிந்த கரி உலர்ந்து உதிரும். இது ஈரமாக இருக்கிறது, டீசல் நாறுகிறது." அவன் பேச்சு மனிதர் காதில் விழுமா? பால்துரை விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"கழுவுனாலும் திரும்பப் புடிக்கும். தகடு வச்சு அடைச்சிருவோம். வண்டி பறக்கும்."

"அடைச்சா ஒண்ணும் ஆயிராதே அண்ணாச்சி?"

"ஊருல பாதி வண்டி அப்படித்தான் ஓடுது."

பழைய ஆயில் டின் ஒன்றை வெட்டித் தகடு செய்தார்கள். "என்மேல் கோபப்படாதே தம்பி, என்னைக் கேட்டா வெட்டினார்கள்?" என்று வால்வின் வாயில் உட்காரும்போது தகடு சொன்னது. அந்த வீட்டில் அவனிடம் நல்ல வார்த்தை பேசியது அது ஒன்றுதான்.

கார் பறக்கத்தான் செய்தது. "இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது" என்று காற்றுக்குழாய் மெச்சிக்கொண்டது. மூன்றாவது இன்ஜெக்டர் கூச்சமில்லாமல் ஒழுகிக்கொண்டே இருந்தார். உள்ளே சூடு ஏறியது. "பெரியவரே, உங்கள் உயிருக்கு ஆபத்து" என்று வால்வு தகட்டுக்குப் பின்னாலிருந்து கத்தினான். வேகம் கண்ட பெரியவருக்கு அது காதில் ஏறவில்லை.

ஒரு மத்தியானம் நெடுஞ்சாலையில், மூன்றாவது இன்ஜெக்டருக்கு நேர் கீழே இருந்த பிஸ்டன் சூட்டில் உருகி ஓட்டை விழுந்து கார் நின்றது. கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துவந்தார்கள். மறுபடியும் ஸ்கேனர் விசாரித்தது. திரும்பி வரவேண்டிய புகை வரவே இல்லை என்று சொல்லி, மறுபடியும் அதே பேரை எழுதியது.

"அடைத்துப் போட்டும் இவனுக்குப் புத்தி வரவில்லையே" என்றது டர்போ. வாயில் தகடு வைத்து மூடப்பட்டவனே வீட்டைக் கெடுத்தானாம். கேட்க வெட்கமாக இல்லை?

இந்தத் தடவை பால்துரை எஞ்சினைத் திறந்தார். ஓட்டை பிஸ்டனையும், மூக்கு ஒழுகிய இன்ஜெக்டரையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே கரி ஈரமா இருந்துச்சுல்லா" என்றார் ஏசுவடியான். "நானும் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க. ஒரு வார்த்த கேக்கலியே. இனி நான் எத ஓட்டிப் பொழைக்க?"

பால்துரை அந்த ஆயில் டின் தகட்டைக் கழற்றி மூலையில் எறிந்தார்.

உண்மை வெளியே வந்துவிட்டது. சரி, நியாயம் வந்ததா? மூன்றாவது இன்ஜெக்டரைக் கழுவி, மெத்தென்ற துணியில் சுற்றி, சீர்செய்ய அனுப்பினார்கள். "பாவம், உழைத்துக் களைத்துப் போய்விட்டார்" என்று வீடே அனுதாபப்பட்டது. கரி பிடித்த வால்வைப் பழைய இரும்புக் குவியலில் வீசினார்கள். அவன் அங்கே கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

எஞ்சினுக்கு வேலை முடிந்ததும் புது வால்வு வந்தது. அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது புது எவர்சில்வர் டம்ளராட்டம் பளபளத்தது. அதைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் பொருத்தினார்கள். எஞ்சினை இன்னும் யாரும் கிளப்பவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில் கரியா" என்றது காற்றுக்குழாய்.

"நான் இன்னும் புகையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லையே" என்றது புது வால்வு.

"பார்க்க வேண்டாம். நீ வந்த பெட்டிமேல் பேர் போட்டிருக்கிறது."