மந்தி கடித்த காய்

1911 புரட்டாசி, ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. முப்பத்தொரு பாடல்களுக்கும் உரை எழுதி முடித்திருந்த தியாகேசப் புலவர், தாள்கட்டைப் பிரித்து மாதம்மையின் முன் உட்கார்ந்தார்.

பாடல்கள் மாதம்மை பாடியவை. தருமபுரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த சிறிய மடம் அவருடையது. அவருக்கு வயது நாற்பத்துமூன்று. சீடரான புலவருக்கு ஐம்பத்தெட்டு. திருவாரூரில் தமிழ் கற்பித்த வேலையை விட்டுவிட்டு நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து சேர்ந்தவர்.

புலவர் ஒரு முறையை விடாமல் கடைப்பிடித்தார். பாடியவர் உயிரோடு இருந்தால், உரையை அவர் முன் படித்துக் காட்ட வேண்டும். அவர் தலையசைத்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

சென்னையில் அச்சுக்கூடம் காத்திருந்தது. புலவரின் கண்களில் படலம் விழத் தொடங்கியிருந்தது. இன்னொரு உரை எழுதப் பார்வை இருக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். புலவரின் பெயர் நிற்பதானால் இந்த உரையால்தான் நிற்க வேண்டும்.

மூன்றாம் பாட்டில் வரும் நத்தையை அவர் யோகி என்றார். எட்டாம் பாட்டின் மழையை அருள் என்றார். மாதம்மை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் பாட்டு வந்தது. புலவர் உரக்கப் படித்தார்.

காயைக் கடித்துப் பார்த்தது மந்தி.
கீழே போட்டது.
அடுத்த மரத்துக்குத் தாவியது.
காய் மண்ணில் கிடக்கிறது.

"மந்தி என்றது மனத்தை. காய் என்றது உலக இன்பத்தை. கடித்தது நுகர்ச்சி. கீழே போட்டது துறவு. அடுத்த மரம் வீடுபேறு."

மடத்தில் சமையல் பார்க்கும் சீடர் பொன்னுரங்கம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வீடுபேற்றுக்கு அது ஏன் புலவரே தாவணும்? மெதுவா நடந்து போகக் கூடாதா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ கீரையைப் பார்."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இதுல ஒரு புழு இருக்கு. அது எதைக் குறிக்குதுன்னு சொல்லிட்டீங்கன்னா எடுத்துப் போட்டுடுவேன்."

மாதம்மை சிரிக்கவில்லை.

"இந்தப் பாட்டுக்கு எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், புலவரே?"

"பதினான்கு பக்கம், தாயே. பாட்டு எளிமையாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகூட ஒரு முறை கேட்டால் திருப்பிச் சொல்லிவிடும். உள்ளே ஆழம் இருப்பதை எடுத்துக் காட்டாவிட்டால், நாளைக்குப் படிக்கிறவன் மந்தியை மந்தி என்றே நினைத்துவிடுவான்."

"நினைத்தால்?"

"பாட்டு சிறுத்துப்போகும்."

மாதம்மை எழுந்து மடத்தின் பின்புறம் போனார். அங்கே நின்ற அத்தி மரத்திலிருந்து ஒரு காயைப் பறித்து வந்து புலவரிடம் நீட்டினார்.

"கடித்துப் பாருங்கள்."

புலவர் கடித்தார். முகம் சுளித்தார். எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"ஏன் துப்பிவிட்டீர்கள்?"

"ஒரே துவர்ப்பு. நாக்கு ஒட்டிக்கொண்டது."

"துறவு வந்துவிட்டதா?"

பொன்னுரங்கம் சிரித்தார். புலவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இல்லை, தாயே. காலையில் இவன் போட்ட கேழ்வரகுக் களி இன்னும் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது."

"மந்திக்கும் அப்படித்தான். அதற்கு எட்டுகிற இடத்தில் வேறு பழம் இருந்தது."

புலவர் உட்கார்ந்தார்.

"தாது வருசப் பஞ்சத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று மாதம்மை கேட்டார்.

"திருவாரூரில். எங்கள் பக்கம் அவ்வளவு கடுமை இல்லை. கேள்விப்பட்டோம்."

"எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊரை விட்டு இந்த மலைக்கு வந்துவிட்டோம். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் தாழ்ந்த கிளைகளை ஒட்டப் பறித்திருந்தார்கள். மேலே ஏறுகிற தெம்பு யாருக்கும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்."

புலவர் பாட்டை மறுபடி பார்த்தார். தாளைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துக்கொண்டு நான்கு அடிகளையும் படித்தார்.

"பஞ்சம் என்ற சொல்லே இதில் இல்லையே, தாயே. மரத்தடியில் ஆள் இருப்பதாகவும் இல்லை."

"நாங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே போடுமா, போடாதா என்று."

பொன்னுரங்கம் கீரையைக் கீழே வைத்தார்.

பிறகு புலவர் கேட்டார்.

"என் உரை தவறா?"

"நீங்கள் உழைத்து எழுதியது. அச்சுக்கு அனுப்புங்கள். நான் தடுக்கமாட்டேன்."

மாதம்மை தலையசைத்தார். அதற்காகத்தான் புலவர் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். ஆனால் அவர் தாள்களை எடுத்து அடுக்கவில்லை. நூல்கயிறு கையிலேயே இருந்தது.

"காய் மண்ணில் கிடக்கிறது என்று நிறுத்திவிட்டீர்கள்."

"ஆமாம்."

"அதற்குப் பிறகு?"

"அம்மா அதை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். இரண்டாகப் பிட்டாள்."

"பிறகு?"

"பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர், புலவரே."

1912 பங்குனி 14 அன்று நூல் சென்னையில் வெளிவந்தது. முப்பத்தொரு பாடல்களும் இருந்தன. உரை இல்லை.