மடியில் பியூஸ் கட்டை

கம்பம் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மடம் இருந்தது. அங்கே தியானம் பாதி, திராட்சை ரசம் பாதி. பழம் நசுக்க ஒரு கரண்டு மெஷின் வாங்கிப் போட்டிருந்தார்கள். மேலே அகலமான புனல், உள்ளே பல் வைத்த இரண்டு உருளைகள். பழம் வேறு, விரல் வேறு என்று அதற்குத் தெரியாது.

அதனால் மடத்தின் குரு அருளம்மை ஒரு கட்டளை போட்டிருந்தார். காம்பு சிக்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. போர்டிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி, உள்ளே கை விடுகிறவர் தன் மடியிலேயே செருகிக்கொள்ள வேண்டும். வேறொருவரிடம் கொடுக்கக் கூடாது.

மெஷினைப் பல வருஷமாக ஓட்டியவர் கோமதிநாயகம். தபால் ஆபீசில் ஓய்வு பெற்று வந்த சீடர், குருவைவிட வயதில் பெரியவர். ஆசையை எல்லாம் விட்டுவிட்டதாகக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். மெஷினை மட்டும் விடவில்லை. இந்தப் பருவத்தில் அருளம்மை அதை வாங்கி, லாரி ஓட்டிக்கொண்டிருந்து புதிதாக வந்து சேர்ந்த இருளப்பனிடம் கொடுத்துவிட்டார். கோமதிநாயகத்துக்குப் பழம் கழுவும் தொட்டி.

அன்றிலிருந்து அவருக்கு வயிறு எரிந்தது. இருளப்பன் சிரித்தால் எரிந்தது, சும்மா இருந்தாலும் எரிந்தது. மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் ஜெபம் பாதியில் நின்றது. ரசம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "பழம் சுத்தமா கழுவுனா அப்படித்தான் இருக்கும்" என்பார்.

ஒரு நாள் காலையில் மெஷினில் காம்பு சிக்கியது. இருளப்பன் முறைப்படி கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு, கையை முழங்கை வரை உள்ளே விட்டார். வேட்டி தளர்ந்து கட்டை கீழே விழுந்தது.

"அண்ணே, கட்டை விழுந்துருச்சு. கொஞ்சம் எடுத்து வச்சுக்கங்க. இப்ப கையை எடுத்தா காம்பு இன்னும் உள்ள போயிரும்."

கோமதிநாயகம் மறுபக்கத் தொட்டியிலிருந்து வந்து எடுத்தார். எடுத்தவர் தொட்டிக்குத் திரும்பியிருக்கலாம். கால்கள் போர்டை நோக்கிப் போயின. அங்கே பியூஸ் இருந்த இடம் காலியாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. கட்டையைச் சொருகி, சுவிட்சையும் தட்டினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றவே இல்லை என்று அடுத்த கணமே முடிவு செய்துகொண்டார்.

"வந்துருச்சுண்ணே" என்று இருளப்பன் கையை வெளியே எடுத்தார். கட்டையைத் திருப்பி வாங்கியபோது அது வியர்வையில் நனைந்திருந்தது. அவர் அதை வேட்டியில் துடைத்து, போர்டில் சொருகி, மெஷினை ஓட்டினார்.

கோமதிநாயகம் நேராகக் குருவிடம் போனார்.

"அம்மா, சொல்ல வேண்டாம்னுதான் பார்த்தேன்."

சொல்ல வேண்டாம் என்று பார்த்தவருக்கு மூச்சு வாங்கியது. ஓடி வந்திருந்தார்.

"சொல்லுங்க."

"இருளப்பன் உங்க கட்டளையை மீறிட்டார். கையை உள்ள வச்சுக்கிட்டே கட்டையை என்கிட்ட கொடுத்துட்டார். இப்படிப்பட்டவர்கிட்ட மெஷினை விடலாமா?"

"கட்டையை வாங்கிட்டு நீங்க எங்க நின்னீங்க?"

"போர்டு பக்கத்துல."

"தொட்டி அந்தப் பக்கம்தானே இருக்கு?"

அருளம்மை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து மெஷின் கொட்டகைக்கு நடந்தார்.

அங்கே இருளப்பனைப் பார்த்துச் சொன்னார்: "கட்டையைக் கைமாத்துனது தப்பு. இந்தப் பருவம் முடியிற வரைக்கும் நீங்க மெஷின் ஓட்ட வேண்டாம்."

"சரிங்கம்மா. தப்புதான்" என்றார் இருளப்பன்.

கோமதிநாயகத்துக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

"இனிமே நீங்க பாருங்கய்யா" என்றார் அருளம்மை. "உள்ள இன்னொரு காம்பு தெரியுது. எடுத்துருங்க."

கோமதிநாயகம் சுவிட்சை அணைத்தார், கட்டையைப் பிடுங்கினார், மடியை விரித்தார்.

"இருங்க. அதை இருளப்பன்கிட்ட கொடுங்க."

கொடுத்தார். இருளப்பன் வாங்கிக்கொண்டு, தன் பாட்டுக்குப் போர்டு பக்கத்தில் நின்றார்.

கோமதிநாயகம் புனலை நோக்கிக் குனிந்தார். கை விளிம்பு வரை போய் அங்கேயே நின்றது. விரல்களை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார்.

"என்னாச்சு?"

"கட்டை அவர்கிட்ட இருக்கும்மா."

"இருளப்பன் கெட்டவரா?"

"இல்லம்மா. நல்லவர்தான்."

"அப்புறம் என்ன பயம்?"

கோமதிநாயகம் இருளப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. போர்டில் காலியாக இருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருளம்மை கட்டையை வாங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். கோமதிநாயகம் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்ததும் பேச்சும் திரும்பி வந்தது.

"உள்ள கை விடுறவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானேம்மா இந்தக் கட்டளை போட்டீங்க? அதைத்தான் நானும் சொன்னேன்."

"கை விடுறவருக்காகப் போடலைங்கய்யா" என்றார் அருளம்மை. "வெளிய நிக்கிறவருக்காகப் போட்டது."