நாப்பது சென்டிமீட்டர் கயிறு

இல்ல கிரிதரன், நான் பயந்துட்டு சும்மா நிக்கல. மேடம் கண்ணாடிப் பவரைக் குறைச்சது தப்பு, தமயந்தி வாயைத் திறக்கலன்னு கிளாஸ் குரூப்ல போட்டிருக்கியே, அன்னைக்கு அந்த ரூம்ல நீ இருந்தியா? நான் இருந்தேன். அவர் என் பேஷன்ட். அது நான் எழுதின கண்ணாடிச் சீட்டு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் டைப் பண்ணு.

அம்பத்திரெண்டு வயசுக்குப் பிளஸ் ரெண்டு கொடுக்கணும், புத்தகத்துல அட்டவணையே இருக்குங்கற. தெரியும். அதைப் பார்த்துத்தான் நானும் கொடுத்தேன்.

பேஷன்ட் பேரு மயில்சாமி. ஒரு பட்டறையில முப்பது வருஷமா இரும்பு கடையற லேத் ஓட்டறார். தூரப் பார்வை சுத்தம், சுவத்துல இருக்கிற சார்ட்டை அடிவரி வரைக்கும் படிச்சார். கிட்டப் பார்வைதான் குறைஞ்சிருந்தது, நாப்பதைத் தாண்டினா எல்லாருக்கும் குறையற மாதிரி. படிக்கிற கார்டைக் கையில கொடுத்தேன். கார்டுல கட்டியிருக்கிற நாப்பது சென்டிமீட்டர் கயித்தை இழுத்து, நுனியை அவர் கன்னத்துல வெச்சு, சரியா அந்தத் தூரத்துல பிடிக்கச் சொன்னேன். நம்ம பேட்ச்ல எத்தனை பேர் அந்தக் கயித்தைத் தொடறீங்க? பிளஸ் ரெண்டு போட்டதும் பொடி எழுத்தைக் கடகடன்னு படிச்சார். எழுதிக் கொடுத்துட்டேன்.

பத்து நாள்ல திரும்பி வந்தார், மங்கலா இருக்குன்னு. மறுபடி டெஸ்ட் பண்ணேன். அதே கயிறு, அதே பவர், அதே கடகட. பழகப் பழகச் சரியாயிரும்னு அனுப்பிட்டேன்.

மூணாவது தடவை வந்தப்போ கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சார். புருவத்துல புதுசா ஒரு சுட்ட காயம்.

"இது என்னண்ணா?"

"இரும்புச் சுருளுங்க. கடையறப்போ சூடாத் தெறிக்கும். முன்னாடியெல்லாம் மூஞ்சிக்கு வராதுங்க."

மறுபடியும் கார்டைக் கையில கொடுத்து டெஸ்ட் பண்ணேன். அதே கடகட.

"இங்க நல்லாப் படிக்கிறீங்க, பட்டறைக்குப் போனா தெரியலைங்கறீங்க. இங்க ஒரு கண்ணு, அங்க ஒரு கண்ணா வெச்சிருக்கீங்களா?"

ஆமா, அப்படித்தான் கேட்டேன். மனுஷன் கோவப்படல.

"கடைஞ்ச பீஸ் பொருந்தலைன்னா வாங்க வந்தவரை நாங்க திட்டறதில்லீங்க"ன்னார். அப்புறம் மெதுவா, "மிஷின் டயல்ல அளவுக் கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குதுங்க. நாலு பீஸ் ரிஜெக்ட் ஆயிருச்சு. இந்த வாரமும் ஆச்சுன்னா மிஷினை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு என்னைய கேட்ல உக்கார வெச்சிருவேன்னு மொதலாளி சொல்லிட்டாருங்க."

அப்பதான் நசீமா மேடம் உள்ள வந்தாங்க. நமக்குப் பவர் டெஸ்ட் சொல்லிக் கொடுக்கறவங்க, ஆனா நான் லேட்டாப் படிக்க வந்தவ, என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்க. நான் விடுவேனா?

"மேடம், பவர் சரி. மூணு தடவை பார்த்துட்டேன். பேஷன்ட்தான் ஒத்துழைக்க மாட்டேங்கறார்."

சீட்டை நீட்டினேன். அதை அவங்க வாங்கவே இல்ல. அவர் கையில இருந்த கார்டைத்தான் வாங்கி வெச்சாங்க.

"அண்ணா, எந்திரிங்க. இந்த மேஜைதான் உங்க லேத்து. வேலையை ஆரம்பிங்க."

அவருக்குக் கூச்சம். என்னைப் பார்த்தார். அப்புறம் காலை அகட்டி நின்னு, இல்லாத கைப்பிடியைப் பிடிச்சுக் குனிஞ்சார்.

"ஏன் இவ்வளவு குனியறீங்க?"

"இந்தக் கண்ணாடி வந்ததுல இருந்து இப்படித்தானுங்க. குனிஞ்சாத்தான் தெரியுது."

"அதுக்கு முன்னாடி?"

நிமிர்ந்தார். அடேங்கப்பா, வேற ஆள் மாதிரி இருந்தார்.

உளி இரும்பைத் தொடற இடம் எதுன்னு கேட்டு, அங்க மேடம் கட்டை விரலை வெச்சாங்க.

"டேப் எடுங்க தமயந்தி. அவர் கண்ணுல இருந்து என் விரல் வரைக்கும்."

அளந்தேன். அறுபத்தெட்டு.

"நீங்க கார்டை எங்க வெச்சுப் பார்த்தீங்க?"

"நாப்பதுல மேடம்."

"யார் சொன்னா?"

"கயிறு."

மேடம் டிராயரைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்தாங்க. கயித்தை அடியோட வெட்டிக் குப்பைத் தொட்டியில போட்டாங்க. கார்டை என் கையில கொடுத்து, தன் விரல் இருந்த இடத்தைக் காட்டினாங்க.

அங்க பிடிச்சேன். பிளஸ் ரெண்டுல அவருக்குப் பெரிய எழுத்தே கலங்குச்சு. கலங்காதா பின்ன? அந்தப் பவர்ல அரை மீட்டருக்கு அந்தப் பக்கம் எதுவும் தெளியாதுன்னு பரீட்சையில நீயும்தான் எழுதின, நானும்தான் எழுதினேன். கால் காலாக் குறைச்சுக்கிட்டே வந்தேன். ஒண்ணே காலுக்கு வந்ததும் கையைத் தூக்கினார்.

"இருங்க. அதைத் தொடாதீங்க."

இப்பவும் நான் விடல, கேட்டுக்கோ. கார்டை நாப்பதுக்குக் கொண்டு வந்தேன். கடைசி வரியில திணறினார்.

"பாருங்க மேடம். பொடி எழுத்துல தடுமாறுறார். இதை எழுதினா எக்ஸாமினர் மார்க் போட மாட்டார்."

மேடம் அவர் பக்கம் திரும்பினாங்க. "பொடி எழுத்து நிறையப் படிப்பீங்களா அண்ணா?"

"பேப்பர்ல ராசிபலன் மட்டுமுங்க. அதையும் வூட்டுக்காரி படிச்சுச் சொல்லிருவா. நல்லது இருந்தா மட்டும்."

மேடம் சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

"அப்ப புத்தகம் தப்புங்கறீங்களா மேடம்?"

லென்ஸை எல்லாம் ஒவ்வொண்ணாத் துடைச்சுப் பெட்டியில அடுக்கிக்கிட்டே சொன்னாங்க. "புத்தகம் சரிதான் தமயந்தி. அது நாப்பதுல இருக்கு. இவர் சோறு அறுபத்தெட்டுல இருக்கு."

எனக்குப் பதில் வரல. யாருக்கு, எனக்கு. அதைத்தான் நீ பயம்னு எழுதியிருக்க.

நானே என் சீட்டைக் கிழிச்சுட்டு வேற சீட்டு எழுதினேன், மேடம் கையெழுத்துப் போட்டாங்க. கீழ ஆப்டிகல்ஸ்ல அன்னைக்கே கண்ணாடி ரெடி. நேத்து அவர் ஃபோன் பண்ணார். வாரம் முடிஞ்சுதாம், ஒரு பீஸ் கூடத் திரும்பி வரலையாம், மிஷின் அவர் கையிலயே இருக்காம். ஃபோனை வெச்சுட்டு மெஸ்ல ரெண்டு தோசை கூடத் தின்னேன். நான் எழுதினதை நானே கிழிச்சதுக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன்னு நெனச்சதே இல்ல.

நீ இன்னும் அட்டவணையைப் படம் பிடிச்சுக் குரூப்ல போட்டுக்கிட்டிருக்க. போடு. திங்கக்கிழமை நம்ம கிளாஸ்ல இந்தக் கேஸைத்தான் நான் பேசப் போறேன். மயில்சாமி அண்ணன் அரை நாள் லீவு சொல்லிட்டு வர்றார். நீ எந்திரிச்சு வா. அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு உன் பிளஸ் ரெண்டை நீயே மாட்டி விடு. மாட்டிட்டு, நாப்பது பேர் முன்னாடி, அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு: சுத்தற இரும்புக்கு எவ்வளவு பக்கத்துல அவர் தலையைக் கொண்டு போகணும்?