இரண்டு புது டயர், நான்கு சக்கரம்

கதை நிற்கிற இடத்தில் உங்களை ஒன்று கேட்கப்போகிறேன். அதனால் மணியையும் டயர்களையும் கொஞ்சம் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

வெள்ளித்தோடு எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வீரபுத்திரன். அவருக்குச் சிறுநீரகங்கள் பழுதாகி ஒன்றரை வருடம். செவ்வாயும் வெள்ளியும் மலையிலிருந்து இறங்கி, நகரத்து மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டாக வேண்டும். அந்த ஆடியில் விடாமல் பெய்த மழையில் மலைப்பாதை சரிந்து, வெள்ளிக்கிழமை முறை தவறிப்போயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் அவரால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வீங்கிய பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது.

பத்து மணிக்குத் தகவல் வந்தது. சிறிய வண்டிகளுக்கு மட்டும் பாதையைத் திறந்திருக்கிறார்கள். பன்னிரண்டு அடித்ததும் செக்போஸ்ட்டை மூடிவிட்டு மறுபடி மண் அள்ளுவார்கள். அப்புறம் எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கும் அவர் மகள் செண்பகவல்லி, ஓடிப்போய் எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வாங்கிவந்தாள். டிரைவர் இன்னாசிமுத்து. அந்த ஜீப் சாதாரணமாகப் பின்சக்கரங்களின் இழுப்பில் ஓடும். லீவரைத் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்கும். அப்படி இழுத்துத்தான் ஆறு கிலோமீட்டர் சேற்றைத் தாண்டிப் பஜாரை எட்டினார்கள். அங்கிருந்து கீழே வரை தார் ரோடு, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். பஜார் திருப்பத்திலேயே ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாமல் முன்பக்கம் நேராக வழுக்கிக்கொண்டு போய், ஓரக்கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இன்னாசி குனிந்து பார்த்தார். முன்டயர் இரண்டும் மொட்டை. பின்டயர்களில் ரோட்டைப் பிடிக்கிற பட்டன் பாதி மிச்சமிருந்தது.

எதிரிலேயே ஜொஹராவின் டயர் கடை. ஜீப்புக்குப் பொருந்துகிற அளவில் அவளிடம் இரண்டே புது டயர்கள்தான் இருந்தன. லாரி மேலே வந்து ஒரு வாரம் ஆகிறது.

மணி பதினொன்று இருபது. செக்போஸ்ட்டுக்குப் பன்னிரண்டு நிமிட ஓட்டம்.

ஜொஹரா தன் ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து, மொட்டை டயர்கள் கிடந்த இரண்டு சக்கரங்களையும் கழற்றிவிட்டாள். "டயரை மாத்திடறேன். எங்க மாட்டணும்?"

"இதென்ன கேள்வி? முன்னாடிதான்," என்றார் இன்னாசி. "திருப்புறது முன்சக்கரம். இறக்கத்துல பிரேக் தாங்குறதும் அதுதான். முன்னாடி புதுசப் போட்டு லீவரையும் தள்ளிட்டேன்னா, அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு இறங்கும்."

"அண்ணே, பின்டயரை முன்னாடி போட்டுட்டு, புதுசப் பின்னாடி போடுங்க," என்றாள் ஜொஹரா. "முன்னாடி லேசா வழுக்கினா கையில தெரியும், காலை எடுத்தா புடிச்சுக்கும். பின்னாடி வழுக்கினா, தெரியறதுக்குள்ள வண்டி சுத்திரும். புதுசு பழசை விட அரை விரக்கடை உசரம் வேற. தார்ல லீவரத் தள்ளினா முன்னுக்கும் பின்னுக்கும் சண்டை வந்து கியர்தான் நொறுங்கும்."

"நீ சொல்ற மாதிரி செஞ்சா இன்னும் பத்து நிமிஷம் ஆகும். மொத்தம் அரை மணி நேரம். கேட் மூடிருவான்!"

பின் சீட்டிலிருந்து வீரபுத்திரன் கையை ஆட்டினார். முப்பது வருடம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். "இடது பக்கம்... முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு... பள்ளம் இருக்கிற பக்கம் போடுங்க." அதற்கு மேல் மூச்சு எட்டவில்லை.

மூன்று பேரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். அவள் அப்பாவின் உதட்டைப் பார்த்தாள். அது நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னாசி சொன்னபடி செய்தால் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு செக்போஸ்ட். ஜொஹரா சொன்னபடி செய்தால் பன்னிரண்டு இரண்டு. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஜீப்பின் சீட்டுக்கு அடியில் அதன் சொந்த ஜாக்கி கிடந்தது.

இந்த மூவரில் யார் சொன்னது சரி? ஜொஹரா சொன்னதுதான் சரியென்றால், அந்தப் பத்து நிமிடத்தை செண்பகவல்லி எங்கிருந்து எடுப்பாள்?

விடை: ஜொஹரா சொன்னதே சரி. நான்கு சக்கர இழுப்பு சேற்றிலிருந்து வண்டியைக் கிளப்பும். ஈரத் தாரில் நிறுத்தவோ திருப்பவோ அது உதவாது. அங்கே டயரின் பிடிதான் எல்லாம், அதிலும் நல்ல பிடி பின்னால் இருக்க வேண்டும். அப்பா சொன்ன பள்ளமோ ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் பக்கம் மாறும். ஓர் அச்சில் ஒன்று புதிதும் ஒன்று மொட்டையுமாக இருந்தால், பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நேரம் ஜொஹராவின் கையிலேயே இருந்தது. கழற்றிய சக்கரங்களில் அவள் புது டயர்களை ஏற்றிக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரமும் பின்சக்கரங்கள் சும்மாதானே இருந்தன? "அக்கா, நீங்க ஏத்துங்க," என்று சொல்லி, செண்பகவல்லி ஜீப்பின் ஜாக்கியை இழுத்துப் பின்அச்சின் நடுவில் போட்டாள். அவளும் இன்னாசியும் பின்சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முன்னால் மாட்டி முடித்தபோது, புது டயர்களும் தயாராக இருந்தன. பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கிளம்பி, கேட் மூட ஆறு நிமிடம் இருக்கும்போதே செக்போஸ்ட்டைத் தாண்டினார்கள். லீவரை இன்னாசி தொடவே இல்லை. பன்னிரண்டாவது வளைவில் ரோட்டின் குறுக்கே செம்மண் தண்ணீர் ஓடியது; முன்பக்கம் ஒரு கணம் நழுவ, அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க, வண்டி தானாகவே வழிக்கு வந்தது. மூன்று மணிக்கு மருத்துவமனையில் இயந்திரம் ஓடத் தொடங்கி, அப்பா மூச்சை முழுதாக இழுத்துவிட்ட பிறகுதான் செண்பகவல்லி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.