தலையாட்டும் மந்திரிகள்

கேம் கம்பெனி முதலாளி ஆவுடையப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்: விளையாட்டில் வருகிற ஐந்து மந்திரிகளும் அச்சு அசல் மனிதர்களாய் நடக்கவேண்டும், இல்லையென்றால் புரோகிராமர் இசக்கியம்மாளுக்கு வேலை இல்லை.

வெள்ளோட்டம் பார்க்க விருந்தினர்களும் கம்பெனியின் ஐந்து மேனேஜர்களும் வந்தார்கள். ராஜாவாக விளையாட முதலாளியே மைக்கைப் பிடித்தார்.

"எதிரி வருகிறான்! கோட்டைக் கதவைச் சாத்துங்கள்!"

"ஆகட்டும் ராஜா!" மந்திரிகள் தலையாட்டினார்கள். ஒருவரும் அசையவில்லை. கோட்டை விழுந்தது.

"என்னம்மா பழக்கி வச்சிருக்கே?"

"நிஜ மனுஷங்க மாதிரி வேணும்னு கேட்டீங்களே சார்... நம்ம திங்கட்கிழமை மீட்டிங் வீடியோவக் காட்டித்தான் பழக்கினேன்," என்றாள் இசக்கியம்மாள்.

முதலாளி மேனேஜர்கள் பக்கம் திரும்பிச் சீறினார். "நம்ம மீட்டிங் இப்படியா நடக்குது?"

"சேச்சே, இல்லவே இல்லை சார்!" என்றார்கள் ஐந்து மேனேஜர்களும் ஒரே குரலில்.

மைக்கை யாரும் அணைக்கவில்லை.

"இல்லவே இல்லை ராஜா!" என்றார்கள் திரையில் மந்திரிகள்.