துப்பாக்கி உறையின் மூன்று கொக்கிகள்

கோரை மண்டிய ஓர் ஏரியில் செம்பொட்டி என்ற வாத்து ஏழு குஞ்சுகளோடு பயந்து பயந்து வாழ்ந்துவந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை முளைக்கவில்லை. ஆபத்து வந்தால் நீந்தித்தான் தப்ப வேண்டும்.

ஆபத்து காலைதோறும் வந்தது. ஒரு சிறு தோணியில் வந்தது. தோணியின் முன்பக்கம் இஸ்ரவேல் என்ற வேட்டைக்காரர் உட்கார்ந்திருப்பார். பின்னால் நின்று கழி ஊன்றித் தள்ளுபவன் அவருடைய மனைவியின் தம்பி சாலமோன். இருவருக்கும் நடுவில், தோல் உறைக்குள், இரட்டைக்குழல் துப்பாக்கி படுத்திருக்கும்.

இஸ்ரவேல் அந்தத் துப்பாக்கியைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வார். தண்ணீர் தெறிக்கக் கூடாது, சேறு ஒட்டக் கூடாது. தோணி நின்ற பிறகுதான் உறையைத் தொடுவார். அதன் மூன்று பித்தளைக் கொக்கிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். எண்ணெய்த் துணியால் துடைப்பார். துப்பாக்கியை மடக்கி, வெளிச்சத்தில் பிடித்து, குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். தோட்டா போடுவது அதற்கும் பிறகு.

“தொட்டில்ல போட்டு ஆட்டுங்க அத்தான், தூங்கிரும்,” என்பான் சாலமோன். “நீங்க துடைச்சு முடிக்கிறதுக்குள்ள வாத்து சீமைக்கே போயிரும்.”

உண்மையில் அப்படித்தான் நடந்தது. முதல் கொக்கி ‘டக்’ என்றதும் குஞ்சுகள் தாயை ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது ‘டக்’கில் எல்லாம் கோரையை நோக்கித் திரும்பும். மூன்றாவது கேட்கும்போது கோரைக்குள் போயிருக்கும். எண்ணெய் வாசனை காற்றில் வந்து சேரும் நேரத்தில் அங்கே வெறும் தண்ணீர்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

ஆனாலும் அந்த மூன்று சத்தமும் செம்பொட்டியின் தூக்கத்தைக் கெடுத்தன. கனவிலும் கொக்கி கழன்றது.

கரைப் பொந்தில் கொறியன் என்றொரு எலி இருந்தது. ஒருநாள் அது பறவைகளைக் கூப்பிட்டுத் தன் யோசனையைச் சொன்னது. மத்தியானம் மனிதர்கள் குடிசைக்குச் சாப்பிடப் போகிறார்கள். துப்பாக்கி கூடவே போய்விடுகிறது. ஈரமான உறை மட்டும் தோணிப் பலகையில் காய்கிறது. அதை அறுத்துப் போட்டுவிட்டால் துப்பாக்கி நனையும், துருப்பிடிக்கும், அப்புறம் அது வெறும் இரும்புக் குழாய்.

நாமக்கோழி கழுத்தை உயர்த்தி, இப்படி ஒரு மூளை இந்த ஏரியில் இதுவரை பிறந்ததில்லை என்றது. மற்றவையும் தலையாட்டின.

செம்பொட்டி ஒன்றே ஒன்று கேட்டது. “அந்த மூன்று சத்தமும் இனிமேல் கேட்காதில்லையா?”

“கேட்கவே கேட்காது,” என்றது கொறியன்.

“அப்படியானால் சரி. அறுத்துவிடு.”

அன்று மத்தியானமே எலிக்கூட்டம் தோணியில் ஏறியது. வார்கள் துண்டாயின. தோல் கந்தலானது. கொக்கிகள் மூன்றும் ஏரியடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

மறுநாள் காலை தோணி வந்தது. செம்பொட்டி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்கு நிம்மதியாக இருந்தது. குஞ்சுகளைத் திறந்த தண்ணீரில் மேயவிட்டது.

உறை இல்லாத துப்பாக்கியைத் தோணியில் கிடத்த முடியாது. அடிப்பலகையில் எப்போதும் ஒரு விரல் தண்ணீர் நிற்கும். அதனால் இஸ்ரவேல் அதை மடியிலேயே வைத்திருந்தார். கையில்தான் இருக்கிறதே என்று கரையிலேயே தோட்டாவும் போட்டிருந்தார். கழற்ற எதுவும் இல்லை. துடைக்க நேரம் எடுக்கவில்லை. கோரை விலகியது, குழல் நிமிர்ந்தது, ஏரி அதிர்ந்தது.

“இது வேட்டை,” என்றான் சாலமோன்.

கழுத்தை உயர்த்திப் புகழ்ந்த நாமக்கோழி கழுத்துத் தொங்கத் தோணியில் கிடந்தது. ரவை சிதறியதில் ஏழு குஞ்சுகள் நான்காயின.

செம்பொட்டி எலியின் பொந்துக்குப் போனது. “மூன்று குஞ்சுகள் போய்விட்டன,” என்றது. எலி வெளியே வராமலேயே பதில் சொன்னது. “கொஞ்சம் பொறு. மழை வரட்டும். துரு ஏறாமல் எங்கே போகும்?”

“துரு ஏற ஒரு மழைக்காலம் வேண்டும்,” என்றது செம்பொட்டி. “என் குஞ்சுகளுக்கு ஒரு காலை போதும்.”

அடுத்த நாள் அது கோரையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் பசி குஞ்சுகளை இழுத்தது. நான்கில் கடைசிக் குஞ்சு ஒரு பூச்சியைத் துரத்திக்கொண்டு திறந்த தண்ணீருக்குப் போய்விட்டது. தாய் பின்னாலேயே பாய்ந்தது. அங்கே தோணி நின்றுகொண்டிருந்தது.

சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

சற்று முன்புதான் அது சேற்றுத்திட்டில் தட்டி ஆடியிருந்தது. விழாமலிருக்க இஸ்ரவேல் கையை ஊன்றியபோது, கையிலிருந்த துப்பாக்கியின் வாய் சேற்றுக்குள் ஒரு சாண் இறங்கி வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பத்து முழத்தில் வாத்தைத்தான் பார்த்தார். துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைத்தார். செம்பொட்டி குஞ்சின்மேல் இறக்கையை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டது.

“அத்தான், சுடாதீங்க! குழல்ல சேறு!”

சாலமோன் கழியைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினான். இஸ்ரவேல் தோட்டாவை எடுத்துவிட்டு, பழையபடி ஒற்றைக் கண்ணை வைத்துக் குழலுக்குள் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. இரண்டு குழலும் களிமண்ணால் அடைபட்டிருந்தன.

“சுட்டிருந்தா பின்னால வெடிச்சிருக்கும், மாப்ள,” என்றார். “எனக்கு மூஞ்சி இருந்திருக்காது.”

எப்போதும் கேலி பேசும் சாலமோன் தண்ணீரில் மிதந்த கழியைத் தவறவிட்டுத் தவறவிட்டு எட்டிப் பிடித்தான். அந்த நேரத்தில் ஏரியில் பயப்படாத உயிர் ஒன்றுகூட இல்லை. தாயும் குஞ்சும் கோரைக்குள் நுழைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நாலு நாள் தோணி வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது. கோரை ஓரத்தில் செம்பொட்டி மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது.

டக்.

புது உறை. புதுக் கொக்கி. சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது. நான்கு குஞ்சுகளும் தாயை ஒட்டிக்கொண்டன. இரண்டாவது ‘டக்’ கேட்டது, திரும்பின. மூன்றாவது கேட்டபோது கோரையின் நடுவே இருந்தன. செம்பொட்டியின் உடம்பு முன்போலவே நடுங்கியது. ஆனால் அந்த நடுக்கத்தோடு நீந்த நேரம் இருந்தது.

மத்தியானம் மனிதர்கள் சாப்பிடப் போனார்கள். புது உறை பலகையில் காய்ந்தது. கொறியன் மீசையை முறுக்கிக்கொண்டு, இந்த முறை தைத்த நூலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பின்னால் வந்த எலிகளிடம் சொல்லியபடியே தோணியின் விளிம்பில் ஏறியது. ஏறியதும் நின்றுவிட்டது.

உறைமேல் செம்பொட்டி உட்கார்ந்திருந்தது. கீழே எண்ணெய் வாசனை. அதோடு மூன்று குஞ்சுகளைக் கொன்ற வெடிமருந்தின் வாசனை. இருந்தும் அது எழுந்திருக்கவில்லை.

“உனக்குப் பைத்தியமா?” என்றது கொறியன். “எதிரியின் உறைக்கு நீ காவலா?”

“அவன் துப்பாக்கியை என்னால் பிடுங்க முடியாது,” என்றது செம்பொட்டி. “இந்த மூன்று சத்தத்தையும் நான் இழக்க மாட்டேன். பல்லை வைத்தால் கண்ணைக் கொத்திவிடுவேன்.”

எலி அதன் அலகைப் பார்த்தது. பிறகு வந்த வழியே இறங்கிப் போனது. மனிதர்கள் குடிசைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை வாத்து அங்கேயே இருந்தது.

ஆபத்தை ஒழிக்க வலுவில்லாதவர்கள், அது தம்மிடம் வந்து சேருவதைத் தாமதப்படுத்துவதையாவது கெடுக்காமல் இருக்க வேண்டும்.